நடந்தே சுற்றிப் பார்க்க ஏற்ற சமதள நகரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விடுமுறைக்கு ஊர் தேடும்போது பார்க்க வேண்டிய இடங்கள், பயணக் கட்டணம், அறை வாடகை ஆகியவற்றையெல்லாம் அலசி ஆராய்கிறோம். அந்த ஊரின் தரை எப்படிப்பட்டது என்பதை மட்டும் போய் இறங்கிய பிறகே தெரிந்துகொள்கிறோம். வண்டியில் சுற்றுபவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. நடந்தே பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவருக்கோ தரைதான் முதல் கேள்வி. மூட்டு வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிச் செல்பவர், மூச்சு வாங்காமல் நாள் முழுவதும் நிதானமாக நடக்க விரும்புபவர் என யாராக இருந்தாலும், மாலையில் களைப்போடு திரும்புகிறோமா களிப்போடு திரும்புகிறோமா என்பதை அருங்காட்சியகங்களைவிட ஏற்ற இறக்கங்களும் நடைபாதைகளுமே தீர்மானிக்கின்றன.

இணையத்தில் "சமதள நகரங்கள்" என்று தேடி, கிடைக்கும் பட்டியலில் ஒன்றைப் பிடித்துக்கொள்வது பலரின் வழக்கம். அது போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஒரு நகரம் முழுவதும் தட்டையாக இருக்கிறதா என்ற கேள்வியால் நமக்குப் பயனில்லை, ஏனெனில் முழு நகரத்தையும் யாரும் நடந்து தீர்ப்பதில்லை. நாம் உண்மையில் நடக்கப்போவது, தங்கும் இடத்தை நடுவாகக் கொண்ட ஒன்றரை அல்லது இரண்டு கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள்தான். அந்த வட்டத்துக்குள் தரை சமமாக இருக்க வேண்டும், பார்க்க வேண்டியவை இருக்க வேண்டும், தெருக்கள் நடப்பவருக்கு இடம் கொடுக்க வேண்டும். மலைமேல் அமைந்ததாகப் பெயர் பெற்ற நகரத்திலும் இப்படிப்பட்ட வட்டம் ஒன்று கிடைக்கலாம். பலகைபோல் தட்டையான நகரத்தில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். எனவே ஊரைத் தேடுவதைவிட வட்டத்தைத் தேடுவதே சரியான வழி.

நிலத்தின் சாயலை முதலில் அறிதல்

வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே, நகரம் எங்கே அமைந்திருக்கிறது என்பதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து பரப்பிய சமவெளிகளிலும் கழிமுகங்களிலும் எழுந்த நகரங்கள் பெரும்பாலும் தட்டையானவை. இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் உள்ள ஃபெராரா, ஸ்பெயினின் குவாடல்கிவிர் ஆற்றங்கரையில் உள்ள செவில், சீனாவின் யாங்சி கழிமுகப் பகுதியிலுள்ள சூச்சோ, நீரை வடித்து மீட்ட தாழ்நிலத்தில் எழுந்த ஆம்ஸ்டர்டாம் ஆகியவை இந்த வகை. இதற்கு மாறாக, ஆழமான இயற்கைத் துறைமுகத்துக்காகத் தோன்றிய நகரங்களில் கடலை ஒட்டியே குன்றுகள் எழுவது வழக்கம். ஜெனோவா, ஹாங்காங், நாகசாகி, சான் பிரான்சிஸ்கோ ஆகியவற்றைக் கடற்கரை நகரங்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சமமானவை என்று நினைத்துவிடக் கூடாது. பாதுகாப்புக்காகக் குன்றின் மேல் கோட்டை கட்டி, அதன் காலடியில் வளர்ந்த ஊர்களிலும் ஏற்றம் நிச்சயம்.

இன்னும் எளிய அடையாளங்களும் உண்டு. கால்வாய்கள் பின்னிக் கிடக்கும் ஊர், மக்கள் அன்றாடம் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஊர் என்றால் அது சமதளம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஊருக்குள் கேபிள் ரயில், இழுவை ரயில், தெருவோடு தெருவாகப் பொது லிஃப்டு, நகரும் படிக்கட்டு ஆகியவை இருப்பதாகப் படித்தால் அங்கே மக்கள் ஏறி ஏறி அலுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஹாங்காங்கின் மையப் பகுதியிலிருந்து மேட்டுக் குடியிருப்புகளுக்குச் செல்லும் நகரும் படிக்கட்டுத் தொடர் 1993-இல் திறக்கப்பட்டது. சுமார் 800 மீட்டர் நீளத்தில் 135 மீட்டர் உயரம் ஏறும் அந்த ஏற்பாடு, காலையில் வேலைக்கு இறங்குபவர்களுக்காகக் கீழ்நோக்கியும் பத்து மணிக்கு மேல் மேல்நோக்கியும் ஓடுகிறது. காலையில் மேலே போக நினைக்கும் பயணி அதன் ஓரத்துப் படிகளில் தானே ஏற வேண்டியிருக்கும். சுற்றுலாக் குறிப்புகளில் "நகரக் காட்சிமுனைகள்" என்று நான்கைந்து இடங்கள் வரிசையாக வந்தாலும் அதே எச்சரிக்கைதான்: மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் மேலே ஏறியாக வேண்டும்.

ஏற்றத்தை எண்ணால் அளத்தல்

"லேசான மேடுதான்", "கொஞ்சம் ஏற்றம்" என்று பயணக் கட்டுரைகளில் வரும் சொற்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். எழுதியவரின் முழங்காலும் நம் முழங்காலும் ஒன்றல்ல. சரிவைக் கணக்கிடுவது எளிது: ஏறும் உயரத்தை நடக்கும் தொலைவால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். 500 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் ஏறினால் 2 சதவீதம்; பெரும்பாலோருக்கு அது ஏற்றமாகவே தெரியாது. 200 மீட்டரில் 10 மீட்டர் ஏறினால் 5 சதவீதம். உடல் அதை உணரத் தொடங்கும், பேசிக்கொண்டே நடப்பவர் பேச்சைக் குறைப்பார். 100 மீட்டரில் 10 மீட்டர் என்றால் 10 சதவீதம். ஓய்வு நாளில் யாரும் திரும்பத் திரும்ப ஏற விரும்பாத சரிவு அது. பல நாடுகளின் கட்டட விதிகள் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 12 அடிக்கு 1 அடி, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல், என்ற வரம்பை வைத்திருக்கின்றன என்பதை அளவுகோலாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவுகளைக் கண்ணால் பார்க்க ஓப்பன்டோப்போமேப் போன்ற, சம உயரக் கோடுகள் வரைந்த வரைபடம் உதவும். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் அந்தப் பழுப்பு நிறக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் சமதளம், ஒரு பகுதியில் கோடே இல்லையென்றால் அங்கே நம் வட்டத்தைப் போடலாம். போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர் பெற்ற அந்த ஊரின் வரைபடத்தை அருகே இழுத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் கோடுகள் அடர்ந்து நெருங்க, நடுவில் ஒரு வெற்றிடம் ஆற்றை நோக்கி இறங்குவது தெரியும். அதுதான் பைஷா என்ற பகுதி. 1755-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு, நேர்கோட்டுத் தெருக்களோடு சதுரங்கக் கட்டம்போல் புதிதாக அமைக்கப்பட்ட பள்ளத்தாக்குத் தரை அது. ரொசியு சதுக்கத்திலிருந்து ஆற்றங்கரைச் சதுக்கம் வரை நடந்தால் கால் எந்த ஏற்றத்தையும் அறியாது. அதே ரொசியுவிலிருந்து கிழக்கே தெரியும் சாவோ ஜோர்ஜ் கோட்டைக்கு நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் கோடுகளை எண்ணினால் ஏறக்குறைய 100 மீட்டர் ஏற்றம். மேற்கே கார்மு பகுதிக்கு ஏற 1902 முதல் சாந்தா ஜூஸ்தா என்ற இரும்பு லிஃப்டு இருக்கிறது. அப்படியொன்று தேவைப்பட்டது என்பதே அந்தப் பக்கத்துச் சரிவுக்குச் சாட்சி. பைஷாவில் அறை எடுத்து, ஆற்றோரமாக நடந்து, தொலைவில் சமதளமாக உள்ள பெலேம் பகுதிக்கு டிராமில் போய்வந்தால் லிஸ்பனிலும் ஒரு சமதள விடுமுறை வாய்க்கும். கோட்டையடிவாரத்து அல்ஃபாமாவில் அறை எடுத்தால் ஒவ்வொரு முறை வெளியே போய்த் திரும்பும்போதும் மலையேற்றம்தான்.

ஏற்றம் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பதற்கு, ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதாவது 100 மீட்டர் ஏற்றம் பத்து நிமிடத்தைக் கூட்டும். ஆனால் அந்த விதி நேரத்தைச் சொல்கிறதே தவிர, மூட்டைச் சொல்வதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையை முழங்கால் தாங்கி நிறுத்த வேண்டியிருப்பதால், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இறக்கமே பெரிய சோதனை. "லிஃப்டில் மேலே போய்விட்டு நடந்து இறங்கிவிடலாம்" என்று திட்டமிடும் குடும்பங்கள், பெரியவர்களுக்காக அதைத் திருப்பிப் போடலாம், அல்லது இரண்டுக்குமே லிஃப்டை வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் மேப்ஸில் நடைவழியைக் கேட்டால், பல ஊர்களில் அந்த வழியின் ஏற்ற இறக்கம் ஒரு சிறு கோட்டுப்படமாகவே கிடைக்கும். அதில் மொத்த ஏற்றத்தை மட்டும் பார்க்காமல் படத்தின் வடிவத்தையும் பாருங்கள். 40 மீட்டர் ஏற்றம் இரண்டு கிலோமீட்டரில் பரவியிருந்தால் ஒன்றுமில்லை. அதே 40 மீட்டர் கடைசி 300 மீட்டரில் குவிந்திருந்தால் அது வேறு நடை.

தட்டையாக இருந்தால் மட்டும் போதாது

ஹூஸ்டன் நகரம் தட்டையானது, ஆனால் நடந்து விடுமுறை கழிக்க யாரும் அதைப் பரிந்துரைப்பதில்லை. காருக்காக விரிந்த ஊரில் ஒன்றுக்கொன்று அடுத்து இருக்க வேண்டியவை பல கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன. தட்டைத்தன்மை கால் வலியைக் குறைக்கும். நெருக்கம்தான் நடையைச் சுவையாக்கும். ஆகவே வட்டத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதோடு, அவை எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் மிகவும் நம்பும் அளவுகோல், ஒரு தெருமுனைக்கும் அடுத்த தெருமுனைக்கும் உள்ள தூரம். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகர மையத்தில் ஒரு கட்டடத் தொகுதியின் பக்கம் சுமார் 61 மீட்டர். சால்ட் லேக் சிட்டியில் அதுவே சுமார் 201 மீட்டர். இரண்டும் கட்டம் போட்ட ஊர்கள்தான். ஆனால் முன்னதில் ஒரு நிமிடத்துக்குள் ஒரு முனை வந்துவிடும், திரும்பலாம், நிழல் பக்கம் மாறலாம், கண்ணில் பட்டதை நோக்கிப் போகலாம். பின்னதில் ஒரே மதிலை ஒட்டி இரண்டரை நிமிடம் நடந்த பிறகுதான் அடுத்த முடிவை எடுக்க முடியும். 1859-இல் ஒப்புதல் பெற்ற, பொறியாளர் செர்டாவின் திட்டப்படி எழுந்த பார்சிலோனாவின் எய்ஷாம்ப்லா பகுதியில் தொகுதிக்கு 113 மீட்டர். நடப்பவருக்கு அது இன்னும் வசதியான அளவுதான். சிறிய தொகுதிகளும் நிறைய முனைகளும் உள்ள இடத்தில் இரண்டு கிலோமீட்டர் போனதே தெரியாது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை தரை பெரும்பாலும் சமம்தான், ஆனால் சுமார் மூன்று கிலோமீட்டர் திறந்தவெளியில், தொலைவில் தெரியும் கட்டடம் நெருங்கவே நெருங்காததுபோல் நீளும்.

வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்தையும் நடைவழித் தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். நடைவழி, நேர்கோட்டைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் இடையில் ஏதோ தடை இருக்கிறது: பாலம் குறைவான ஆறு, ரயில் பாதை, கடக்க முடியாத விரைவுச் சாலை. அப்படிப்பட்ட தடைக்கு மறுபக்கத்தில் இருப்பவற்றை வட்டத்திலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் எண்ணுங்கள். பாங்காக் போன்ற தட்டையான பெருநகரங்களில், சாலையின் எதிர்ப்பக்கத்தை அடையவே நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டியிருப்பதும் இதே கணக்கில் சேரும்.

படிகள் எந்த உயர வரைபடத்திலும் சரியாகத் தெரிவதில்லை என்பதற்கு வெனிஸைவிடச் சிறந்த சான்று இல்லை. கடல் மட்டத்தை ஒட்டிய, கார் நுழையாத, மேடே இல்லாத நகரம் அது. ஆனால் அங்கே நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். இரு கையையும் வீசி நடப்பவருக்கு அவை அழகு. சக்கரப் பெட்டியை இழுப்பவருக்கும் குழந்தை வண்டியைத் தூக்குபவருக்கும் ஒவ்வொரு பாலமும் ஒரு மாடி. வெனிஸுக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. போக வேண்டிய இடம்தான். படகு நிறுத்தத்திலிருந்து பாலம் எதுவும் கடக்காமல் சேரக்கூடிய விடுதியாகத் தேடிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

தரையின் மேற்பரப்பு அடுத்த செய்தி. ஐரோப்பாவின் பழைய நகர மையங்கள் பலவற்றில் உருண்டைக் கல்லோ சதுரக் கருங்கல்லோ பாவிய தெருக்கள் இருக்கும். பெல்ஜியத்தின் புரூஜ் நகரம் முழுக்கச் சமதளம், ஆனால் அதன் கல் பாவிய தெருக்களில் மெல்லிய அடியுள்ள செருப்போடு அரை நாள் நடந்தால் பாதம் எரியும், மழை பெய்தால் வழுக்கும். தடித்த அடியும் கணுக்காலுக்குப் பிடிப்பும் உள்ள, ஏற்கனவே போட்டுப் பழகிய காலணி இதற்குப் போதும். புதுக் காலணியைப் பயணத்தில் பழக்க முயல வேண்டாம்.

வாகனம் விலகிய மையங்கள்

நடப்பவருக்காகவே தெருக்களைத் திரும்பக் கொடுத்த நகரங்களுக்கு நான் எப்போதும் முதலிடம் கொடுப்பேன். கோபன்ஹேகனில் 1962-இல் ஸ்ட்ரோகெட் என்ற தெருத்தொடரில் வாகனங்களை நிறுத்தியபோது கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று அஞ்சினார்கள். இன்று சுமார் 1.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வழிதான் நகரத்தின் உயிர்நாடி, ஊரும் சமதளம். ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானா 2007-இல் தொடங்கித் தன் மையத்தைக் கார்களிடமிருந்து படிப்படியாக மீட்டது. ஆற்றின் இரு கரையும் நடப்பவருக்கே உரியவை. அங்குள்ள ஒரே ஏற்றமான கோட்டைக் குன்றுக்கு இழுவை ரயில் போகிறது.

ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள பொந்தேவெத்ரா என்ற சிறு நகரத்தை இந்த விஷயத்தில் ஆசான் என்றே சொல்வேன். சுமார் 80,000 மக்கள் வாழும் அந்த ஊர் 1999 முதல் தன் மையத்திலிருந்து கார்களை விலக்கிவருகிறது. அதைவிட முக்கியமாக, மெட்ரோ ரயில் வரைபடத்தைப்போலவே வண்ணக் கோடுகளும் நிலையங்களும் கொண்ட ஒரு நடை வரைபடத்தை அது வெளியிட்டது. அதில் ரயில் இல்லை. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடந்தால் எத்தனை நிமிடம் ஆகும் என்பது மட்டுமே எழுதியிருக்கும். இந்த யோசனையை எந்த ஊருக்கும் நாமே செய்துகொள்ளலாம், செய்ய வேண்டும் என்றே வற்புறுத்துவேன். ஒரு தாளில் தங்குமிடத்தை நடுவில் குறித்து, பார்க்க விரும்பும் ஏழெட்டு இடங்களைச் சுற்றிலும் வைத்து, இடையிலுள்ள கோடுகளில் நடை நிமிடங்களையும், ஏற்றம் இருந்தால் அதன் மீட்டரையும் எழுதுங்கள். பெரும்பாலான கோடுகள் இருபது நிமிடத்துக்குள் இருந்தால் ஊர் தேறிவிட்டது. முப்பது, நாற்பது என்ற எண்கள் நிறைந்தால், அங்கே பேருந்திலும் டாக்ஸியிலும்தான் நாள் போகும்.

பழைய மதில் நகரங்கள் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுவதற்குக் காரணம் உண்டு. வண்டிகள் பெருகுவதற்கு முன், எல்லோரும் நடந்தே எல்லாவற்றையும் முடித்துக்கொண்ட காலத்தில் எழுந்தவை அவை. மதிலுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்துக்குமேல் ஆவது அரிது. இத்தாலியின் லூக்காவில் மதிலே மரங்கள் நிழல் தரும் நடைபாதையாகிவிட்டது. நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தால் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். ஃபெராராவின் மதில் வளையம் சுமார் ஒன்பது கிலோமீட்டர். போலந்தின் கிராக்கோவ் தன் மதிலைப் பெரும்பாலும் இடித்துவிட்டு அந்த இடத்தில் பிளான்டி என்ற பூங்கா வளையத்தை வைத்துக்கொண்டது. சுமார் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரநிழல் வளையத்துக்கு நடுவே 200 மீட்டர் பக்கமுள்ள பெருஞ்சதுக்கம். தாய்லாந்தின் சியாங் மாய் 1296-இல் நிறுவப்பட்ட நகரம். அகழி சூழ்ந்த அதன் பழைய ஊர் பக்கத்துக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கொண்ட கிட்டத்தட்ட முழுச் சதுரம், உள்ளே தரை சமம். உஸ்பெகிஸ்தானின் கீவாவில் மதிலின் சுற்றளவே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் என்பதால், ஒரு நாளில் நிதானமாக இரண்டு முறை பார்த்துவிடலாம்.

மதில் ஊர் அல்லாதவற்றில் ஸ்பெயினின் வாலன்சியாவைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 1957-இல் தூரியா ஆறு பெருக்கெடுத்து நகரத்தை மூழ்கடித்த பிறகு, ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். வறண்ட பழைய ஆற்றுப்படுகை நெடுஞ்சாலையாகாமல் பூங்காவாக மாறியது மக்களின் வற்புறுத்தலால்தான். இன்று சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு, மேலே பழைய பாலங்கள் கடக்க, கீழே சாலை எதையும் குறுக்கிடாமல் நடக்கலாம். சிக்னலுக்கு நிற்காத ஒன்பது கிலோமீட்டர் என்பது நகரத்துக்குள் எவ்வளவு அரிது என்பதை, நடக்கிறவர்கள் அறிவார்கள்.

கியோட்டோ சற்று நுணுக்கமானது. 794-இல் சீனத் தலைநகரத்தின் கட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்ட அந்த ஊர், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த தட்டில் இருக்கிறது. தரை வடக்கிலிருந்து தெற்காக மிக மெதுவாகச் சரிகிறது, எனவே காமோ ஆற்றங்கரையில் வடக்கே தொடங்கித் தெற்காக நடப்பது காலுக்கு இதம். புகழ்பெற்ற கோயில்கள் பல கிழக்கு மலையடிவாரத்தில் இருப்பதால், கியோமிசு கோயிலுக்குப் போகும் சரிவுகளிலும் கல்படிகளிலும் ஏற்றம் தவிர்க்க முடியாதது. அதே அடிவாரத்தில், கால்வாயை ஒட்டிச் செல்லும் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள தத்துவஞானியின் பாதையோ சமதளம். நீர் ஓடும் கால்வாயின் ஓரம் செங்குத்தாக ஏற முடியாது என்பது எந்த ஊருக்கும் பொருந்தும் நல்ல விதி. புது ஊரில் சமமான வழி தெரியாவிட்டால் கால்வாயையோ ஆற்றங்கரையையோ பிடித்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆகிய சமதள மையங்களிலும் ஆற்றோர நடையே சிறந்த தொடக்கம்.

வெயில், மழை, காற்று

தட்டையான நிலத்துக்கே உரிய குறைகள் உண்டு. குன்று இல்லாத ஊரில் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. நெதர்லாந்து நகரங்களில் குளிர்காலத்தில் எதிர்காற்றில் நடப்பது ஏற்றம் ஏறுவதற்குச் சமம். ஆற்றுச் சமவெளி ஊர்களில் வெள்ளமும் வரும்: வியட்நாமின் ஹோய் ஆன் பழைய ஊர் அக்டோபர், நவம்பரில் அடிக்கடி நீரில் மூழ்குகிறது, வெனிஸில் இலையுதிர் காலம் தொடங்கிக் கடல் நீர் ஏறும் நாட்கள் உண்டு. செவில் நகரின் சந்துகளில் மார்ச் மாதம் நடப்பது பேரின்பம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, பிற்பகல் முழுவதும் உள்ளே அடைந்திருக்க வேண்டும். சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் எழும் தீயின் புகை படர்வதால், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஊரைத் தேர்ந்தெடுத்தபின் மாதத்தைப் பார்ப்பதைவிட, கிடைக்கும் மாதத்துக்கு எந்த ஊர் ஏற்றது என்று பார்ப்பதே நடப்பவருக்குப் பொருத்தம்.

மழையானாலும் வெயிலானாலும் நடை நிற்காத ஊர் வேண்டுமென்றால் இத்தாலியின் போலோன்யாவைப் பாருங்கள். அங்கே தெருவோரக் கட்டடங்களின் கீழ்த்தளம் உள்வாங்கி, தூண்களும் வளைவுகளும் தாங்கும் கூரைவேய்ந்த நடைபாதையாக இருக்கிறது. நகரம் முழுவதும் இப்படிச் சுமார் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ இந்தக் கூரைப் பாதைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மையப் பகுதியில் அவற்றின் கீழ் சமமாக நடக்கலாம். சான் லூக்கா தேவாலயத்துக்குப் போகும் நெடும்பாதை மட்டும் நூற்றுக்கணக்கான வளைவுகளோடு குன்றின் மேல் ஏறுகிறது, அதைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம்.

முன்பதிவுக்கு முன் ஓர் ஒத்திகை

ஊர் முடிவானதும் அறையைப் பதிவு செய்வதற்கு முன், கூகுள் மேப்ஸின் தெருப் படங்களான ஸ்ட்ரீட் வியூவில் நான்கு வழிகளை மெதுவாகப் பாருங்கள்: ரயில் நிலையத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து முக்கியச் சதுக்கத்துக்கு, அறையிலிருந்து இரவு உணவு கிடைக்கும் தெருவுக்கு, அறையிலிருந்து ஆறு அல்லது பூங்காவுக்கு. படத்தில் அழகைப் பார்க்காமல் காலடியைப் பாருங்கள். நடைபாதையில் இருவர் சேர்ந்து நடக்க முடியுமா, அதில் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா, தெருமுனையில் விளிம்பு சாய்தளமாக இறங்குகிறதா, உட்கார பெஞ்சு இருக்கிறதா, மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மாலையில் திறந்திருக்கக்கூடிய கடைகள் உண்டா என்று பாருங்கள். ஒரே ஒரு முனையை இப்படி நின்று நிதானித்துப் பார்ப்பது, நூறு விமர்சனங்களைப் படிப்பதைவிட அதிகம் சொல்லும். பெரியவர்களோடு போகிறவர்கள் பொதுக் கழிப்பறைகளையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும். அரை மணிக்கு ஒரு கழிப்பறையும் உட்கார ஓர் இடமும் இருந்தால் எழுபது வயதுக்காரரும் நாள் முழுவதும் கூட வருவார்.

நாளைத் திட்டமிடும்போது மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற கணக்கைத் தூக்கி வையுங்கள். நின்று பார்த்து, படம் எடுத்து, சிக்னலுக்குக் காத்து நடந்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் தேறும். காலையில் ஒரு நீண்ட நடை, மதியம் அறையில் ஓய்வு, மாலையில் ஒரு குறுநடை என்று வைத்தால், நாளுக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டர் சமதளத்தில் பலருக்கு இயலும். நடுவில் அறைக்குத் திரும்ப முடிவதால்தான் இது இயலுகிறது. இதற்காகவே, மலிவான அறை கிடைத்தாலும் வட்டத்தின் விளிம்பில் தங்காமல், சற்றுச் சிறியதானாலும் நடுவில் தங்குங்கள் என்று சொல்கிறேன். சைக்கிள் நகரங்களில் ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ள வேண்டும்: செந்நிறமாகப் பிரித்திருக்கும் சைக்கிள் பாதையில் நிற்கவோ நடக்கவோ கூடாது, கடக்கும்போது இரு பக்கமும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, விடுதிக்கே ஒரு கேள்வியை எழுதி அனுப்பிவிடுங்கள்: அறை எந்த மாடியில் இருக்கிறது, லிஃப்டு உண்டா, வாசலில் எத்தனை படிகள்? ஆம்ஸ்டர்டாமின் கால்வாயோர வீடுகள் குறுகிய மனைகளில் உயரமாகக் கட்டப்பட்டவை. ஏணிபோல் செங்குத்தான அவற்றின் உட்படிக்கட்டுகளில் பெரிய சாமான்களை ஏற்ற முடியாது என்பதால்தான் முகப்பின் உச்சியில் கொக்கி மாட்டிய உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகள் பல இன்று விடுதிகளாக இருக்கின்றன. ஐரோப்பாவிலேயே மிகச் சமமான ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நான்காம் மாடி அறைக்கு நாளுக்கு இரண்டு முறை அந்தப் படிகளில் ஏற வேண்டாம் என்று நினைப்பவர், பதில் எழுத்தில் வந்த பிறகே பணத்தைக் கட்ட வேண்டும்.